கறுத்த பிளக் சொன்ன சேதி

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். தேர் எவ்வளவு பெரிது! அச்சாணி எவ்வளவு சிறிது! படகின் பின்புறத்தில் மாட்டும் மோட்டாருக்கும் அப்படி ஓர் அச்சாணி உண்டு. விரல் நீளம்தான் இருக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு வாங்கிவிடலாம். அதுதான் ஸ்பார்க் பிளக்.

மலைமேல் குடியிருக்கும் வாத்தியாருக்குப் படகு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் இருக்கும் திரிங்காப், கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் வழியில் உள்ள சின்னப் பட்டணம். சுற்றிலும் காய்கறித் தோட்டம், அதற்கு அப்பால் தேயிலை. கடல் பார்க்க வேண்டுமானால் மலையிறங்கி ஈப்போவைத் தாண்டிப் போக வேண்டும்.

ஆனால் படகு மோட்டாரின் உடன்பிறப்புகள் நம் தோட்டங்களில் நிறையவே இருக்கின்றன. இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு தேயிலை நிரைமேல் ஓட்டுகிறார்களே, அந்தக் கொழுந்து வெட்டும் மிஷின். தோளில் மாட்டிப் புல் வெட்டும் மிஷின். முதுகில் சுமந்து மருந்தடிக்கும் மிஷின். இவற்றில் பலவும் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வகைதான். பழைய அவுட்போர்டு மோட்டாரும் அதே வகை. என் தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் வேலை செய்தவர். பள்ளி விட்டதும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நானும் பட்டறையிலேயே உட்கார்ந்துவிடுவேன். கையில் சுண்ணக்கட்டி பிடிக்கும் முன்பே பிளக் ஸ்பானர் பிடித்தவன் நான். ஆகவே இதைப் பற்றி நாலு வார்த்தை எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானின் யமஹா 1960இல் தன் முதல் அவுட்போர்டைச் செய்தது. எவின்ரூட் மோட்டார் செய்வது 2020ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இன்று புதிதாக வருபவற்றில் பெரும்பாலானவை ஃபோர் ஸ்ட்ரோக். ஆனாலும் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்களை நம் கடற்கரைகளில் இன்னும் பார்க்கலாம். கனமில்லாதது, பிரித்துப் பூட்ட எளிது, விலையும் மலிவு. ஏழை எளியவர் கைக்கு எட்டுவது அதுதான். அப்படி ஒன்று என் தங்கை வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

தங்கை வாழ்க்கைப்பட்டது லூமுட் பக்கம். மாப்பிள்ளை தொழிற்சாலை வேலை. ஓய்வு நாளில் மீன் பிடிப்பதில் ஆசை. பழைய ஃபைபர் படகு ஒன்றையும், அதோடு இரண்டு சிலிண்டர் உள்ள பழைய ஜப்பான் மோட்டார் ஒன்றையும் வாங்கினார். சனிக்கிழமை மாலையில் மகனையும் ஏற்றிக்கொண்டு போவார். மீன் கிடைத்தால் வீட்டுக்குக் குழம்பு. மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கும் போகும்.

ஒரு நாள் பங்கோர் தீவுக்கும் கரைக்கும் நடுவில், பொழுது சாயும் நேரத்தில், மோட்டார் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்து மாப்பிள்ளையின் உள்ளங்கை தோலுரிந்தது. ஒரு தடவை பிடிக்கும். வேகத்தைக் கூட்டினால் இருமி நின்றுவிடும். அலை பெரிதில்லை. ஆனால் நீரோட்டம் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. பெரிய படகுகள் போய்வரும் பாதை அது. மகனுக்கு வயது பத்து. கைவிளக்கை ஆட்டிக்கொண்டே அவன் அழுதானாம். கடைசியில் சீன மீனவர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தார். காசு நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இரண்டும் கரிக்கட்டைபோல் கறுத்து, ஈரமாக இருந்தன. உதிரிப்பாகம் விற்கும் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவர், "இன்னும் சூடான பிளக் போடு, கரி பிடிக்காது" என்று சொல்லி, இரண்டு எண் தள்ளி வேறு பிளக்கைக் கொடுத்துவிட்டார். அதை மாட்டும் முன், பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போது மோட்டாரையும் வேனில் போட்டுக்கொண்டு மலையேறி வந்தார் மாப்பிள்ளை.

வீட்டுக்குப் பின்னால் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை மரச்சட்டத்தில் மாட்டி ஓடவிட்டோம். பத்து நிமிடம் ஓடியது. கழற்றிப் பார்த்தால் மறுபடியும் கறுப்பு!

"பார்த்தீங்களா மச்சான்? கடைக்காரர் சொன்னது சரிதான். சூடான பிளக்கையே போட்டுடலாம்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை" என்றேன்.

வாசற்படியில் நின்றுகொண்டிருந்த தங்கை, "நல்லா பாத்துச் சொல்லுண்ணே. என் பிள்ளையை ஏத்திக்கிட்டுப் போற மோட்டார் இது" என்றாள். அவள் குரலில் இருந்த பயம், மோட்டாரின் சத்தத்தையும் மீறி என் காதில் விழுந்தது.

சூடான பிளக், குளிர்ந்த பிளக்

பிளக்கின் மூக்கைப் பாருங்கள். நடுவில் ஓர் உலோகக் கம்பி. அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான். பக்கத்திலிருந்து வளைந்து வந்து அதன் தலைக்கு நேரே நிற்கும் இன்னொரு கம்பி. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் தீப்பொறி பாய்கிறது. டூ ஸ்ட்ரோக் மோட்டார் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு பிளக்கும் அந்த ஒரு நிமிடத்தில் 5,000 தடவை பொறி விட வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அதில் பாதி போதும். ஆகவேதான் டூ ஸ்ட்ரோக் பிளக்குக்கு வேலைப் பளு அதிகம்.

பீங்கான் மூக்கு ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான், தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தமாக இருக்கும். அதற்குக் குறைந்தால் கரி படியும். 850 பாகையை ஒட்டிப் போய்விட்டாலோ, பொறி வரும் முன்பே பிளக்கின் நெருப்புச் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். நேரங்கெட்ட அந்த நெருப்பு பிஸ்டனின் தலையைத் தாக்கும். அலுமினியம் உருகி ஓட்டை விழவும் கூடும். கரி பிடித்த பிளக் மோட்டாரை நிறுத்தும், அதை மாற்றிக்கொள்ளலாம். ஓட்டை விழுந்த பிஸ்டனைக் கடல் நடுவில் என்ன செய்வது?

பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேற நேரமாகும். அது சூடான பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் வெளியேறும். அது குளிர்ந்த பிளக். தீப்பொறியின் பலத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. சூடான பிளக் என்றால் பலமான பொறி என்று நினைப்பது தவறு.

மாப்பிள்ளைக்கு நான் இப்படிச் சொன்னேன்: "திரிங்காப்புக்கு வந்ததும் கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டீங்க. அதையே போட்டுக்கிட்டு லூமுட்ல வெயில்ல நின்னா என்ன ஆகும்? சூடான பிளக் கம்பளிச் சட்டை மாதிரி. எந்த ஊருக்கு, எந்த வேலைக்குன்னு பாத்துத்தான் போடணும்."

இங்கே ஒரு முக்கியமான விஷயம் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். திரிங்காப்போ அதைவிட உயரம். கடற்கரைக்கு அளவு வைத்த கார்புரேட்டர், இங்கே வந்தாலும் பெட்ரோலை ஏறக்குறைய அதே கணக்கில்தான் விடும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். எரியாமல் மிஞ்சுவது பிளக்கில் கரியாகப் படிகிறது. போதாததற்கு, டிரம்மில் மோட்டார் மெதுவாகத்தான் ஓடுகிறது. பாரம் இழுத்து ஓடினால்தான் பிளக் சூடேறும். ஆக, மலைக்காற்று ஒன்று, டிரம் ஓட்டம் ஒன்று, இரண்டும் சேர்ந்து பிளக்கைக் கறுக்க வைக்கும். அந்தக் கறுப்பைப் பார்த்துச் சூடான பிளக்கை மாட்டிக் கடலுக்குக் கொண்டுபோனால், அங்கே காற்று கனம், ஓட்டம் வேகம், பாரமும் அதிகம். பிளக் கொதிக்கும்.

அப்படியானால் பங்கோர் அருகில் மோட்டார் நின்றது ஏன்? அங்கே மலைக்காற்று இல்லையே! அதைத்தான் நாங்கள் தேட ஆரம்பித்தோம்.

எழுத்தும் எண்ணும்

முதலில் பிளக்கின் உடம்பில் உள்ள எழுத்துகளைத் துடைத்துப் படித்தோம். மோட்டாரின் மூடிக்குள் ஒட்டியிருந்த தாள் பாதி அழிந்துவிட்டது. ஆனால் படகில் மாட்டும் கவ்வியில் இருந்த தகட்டில் மாடல் எண் தெளிவாக இருந்தது. அதை வைத்து அந்த மாடலின் கையேட்டைத் தேடிப் பிடித்தோம். கையேடு சொன்ன பிளக் பி7எச்எஸ். இடைவெளி 0.6 மில்லிமீட்டர்.

1936இல் நகோயாவில் தொடங்கிய என்ஜிகே நிறுவனத்தின் கணக்கில் இந்த எழுத்துகளுக்குப் பொருள் உண்டு. "பி" என்றால் மரையின் குறுக்களவு 14 மில்லிமீட்டர். "எச்" என்றால் மரையின் நீளம் 12.7 மில்லிமீட்டர். நடுவில் உள்ள 7 சூட்டின் எண். எண் கூடக் கூடக் குளிர்ந்த பிளக். குறையக் குறையச் சூடான பிளக். எங்காவது "ஆர்" என்று இருந்தால், ரேடியோவில் இரைச்சல் வராமல் தடுக்கும் மின்தடை உள்ளே இருக்கிறது என்று பொருள். கடைசியில் "-10" என்று இருந்தால், இடைவெளி 1.0 மில்லிமீட்டராக வைக்கப்பட்டு வருகிறது என்று பொருள்.

வேறு கம்பெனிப் பிளக் வாங்கும்போது கவனம் வேண்டும். டென்சோவிலும் எண் கூடினால் குளிர்ச்சிதான். ஆனால் சாம்பியனிலும் போஷிலும் இந்தக் கணக்கு தலைகீழ்; எண் கூடினால் சூடு. "கிட்டத்தட்ட அதே நம்பர்தான்" என்று எடுத்துக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். எந்தப் பிளக்குக்கு எது ஈடு என்று கம்பெனிகளே பட்டியல் போட்டிருக்கின்றன. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மரையின் நீளத்தை அலட்சியம் செய்வது இன்னும் ஆபத்து. சில டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களின் பிளக்கில் "எச்" இருக்கும் இடத்தில் "ஈ" இருக்கும். குறுக்களவு அதே 14 தான். ஆனால் நீளம் 19 மில்லிமீட்டர். அது படகு மோட்டாரில் ஒழுங்காக ஏறும். ஏறி, ஆறு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். கயிற்றை இழுத்தால் பிஸ்டன் வந்து அதில் மோதக்கூடும். புல் மிஷினில் வரும் பிபிஎம்7ஏ பிளக்கோ நேர்மாறு. அதன் மரை 9.5 மில்லிமீட்டர்தான். அதுவும் அதே ஓட்டையில் ஏறும். ஆனால் பொறி உள்ளே எட்டாமல் பொந்துக்குள்ளேயே நிற்கும். மிஞ்சிய மரையில் கரி அடைத்துக்கொள்ளும். பழைய ஹோண்டா கப் வண்டியின் பிளக் 10 மில்லிமீட்டர் என்பதால் ஏறவே ஏறாது. அந்த மட்டும் தப்பித்தோம்! மரையில் ஏறுகிறது என்பதற்காகப் பிளக் பொருந்திவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

போலிப் பிளக்கும் சந்தையில் உலவுகிறது. எழுத்து மங்கலாக, கோணலாக அச்சாகியிருந்தாலோ, மரையைச் சுற்றியுள்ள வளையம் கையோடு கழன்று வந்தாலோ சந்தேகப்படுங்கள்.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. மாப்பிள்ளையின் மோட்டாரில் மேல் சிலிண்டரில் இருந்தது பி7எச்எஸ். நெடுநாள் ஓடித் தேய்ந்து, இடைவெளி 0.9 வரை போயிருந்தது. கீழ்ச் சிலிண்டரில் இருந்தது பி7எச்எஸ்-10. அதன் இடைவெளி 1.0. சூட்டு எண் இரண்டிலும் சரி. இடைவெளிதான் இரண்டிலும் தவறு.

காண் தாண்டும் பொறி

இடைவெளி அரை மில்லிமீட்டர் கூடினால் குடியா முழுகிப்போகும் என்று கேட்கலாம். முழுகத்தான் போகும்.

மலையில் கொழுந்துக் கூடை சுமந்து காண் தாண்டும் நம் பெண்களைக் கேளுங்கள். வெறுங்கையோடு தாண்டும் காண் வேறு. நிறைந்த கூடையோடு தாண்டும் காண் வேறு. தீப்பொறிக்கும் அப்படித்தான். பிளக்கை வெளியே வைத்துக் கயிற்றை இழுத்தால் பொறி நீலமாகப் பளிச்சென்று தாண்டும். பார்த்தவர் "பிளக் நல்லாத்தான் இருக்கு" என்பார். உள்ளே காற்றும் பெட்ரோலும் அழுத்தி நெருக்கப்பட்ட இடத்தில், அதே சந்தைத் தாண்டப் பல ஆயிரம் வோல்ட் கூடுதலாக வேண்டும். வேகத்தைக் கூட்டக் கூட்ட உள்ளே நெருக்கமும் கூடும். அப்போது பலம் போதாத பொறி தாண்டாமல் நின்றுவிடும். மெதுவாக ஓடும் மோட்டார் வேகம் கூட்டியதும் இருமி நிற்பதற்கு இது ஒரு காரணம். எரியாத பெட்ரோல் பிளக்கை நனைக்கும். நனைந்த பிளக்கில் பொறி இன்னும் பலவீனமாகும். மாப்பிள்ளையின் கதை இதுதான்.

ஃப்ளைவீலுக்கு அடியில் பாயிண்ட் வைத்த பழைய மோட்டார்களில், கயிறு இழுக்கும் வேகத்தில் கிடைக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். அதனால் அவற்றுக்குக் குறுகிய இடைவெளி சொல்லியிருப்பார்கள், 0.5, 0.6 என்று இருக்கும். பின்னால் வந்த சிடிஐ வகைக்குப் பலமான மின்சாரம் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு 0.9, 1.0 என்று இருக்கும். ரொம்பக் குறுக்கி வைத்தாலும் கெடுதிதான். பொறி சின்னதாகி மெதுவோட்டம் கெடும். ஒரு துணுக்குக் கரி சந்தில் விழுந்தால் பாலம் போட்டதுபோல் அடைத்து, பொறியே வராது. ஆகவே கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கையேடு சொன்ன அளவே அளவு.

அளப்பதற்கு ஃபீலர் கேஜ் என்ற தகட்டுக் கத்தை கடையில் கிடைக்கும். பழைய பிளக்கில் கம்பி குழி விழுந்து தேய்ந்திருந்தால் தட்டைத் தகடு ஏமாற்றும்; அதற்குக் கம்பி வகை கேஜ் நல்லது. அவசரத்துக்கு இரும்பறுக்கும் வாளின் அலகை வைத்து அளப்பது பட்டறைகளில் பழைய வழக்கம். கைவாள் அலகின் கனம் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். பல் இல்லாத முதுகுப் பக்கத்தால் பார்க்க வேண்டும். 0.6 கேட்கும் மோட்டாருக்கு அது சரி. 1.0 கேட்கும் மோட்டாருக்கு அது உதவாது.

தகடு மெல்ல உரசிக்கொண்டு போய்வர வேண்டும். இறுகவும் கூடாது, கடகடவென்று ஆடவும் கூடாது. குறைக்க வேண்டுமானால் பக்கத்துக் கம்பியை மரக்கட்டைமேல் லேசாகத் தட்டுங்கள். கூட்ட வேண்டுமானால் அதே கம்பியை மெதுவாக நெம்புங்கள். நடுக்கம்பியை ஊன்றுகோலாக வைத்து நெம்பவே கூடாது. பீங்கான் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டுவிடும். புதுப் பிளக் என்றாலும் அளக்காமல் மாட்டாதீர்கள். வழியில் கீழே விழுந்து அளவு மாறியிருக்கலாம். சில மோட்டார்களுக்குப் பக்கத்துக் கம்பியே இல்லாத பிளக் உண்டு. அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை. தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முதலில் விரலாலேயே திருகி இறுக்குங்கள். புதுப் பிளக் என்றால் அதன்பின் ஸ்பானரால் அரைச் சுற்று. ஏற்கெனவே மாட்டிக் கழற்றிய பிளக் என்றால் எட்டில் ஒரு சுற்றுப் போதும். மோட்டாரின் தலை அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

எண்ணெயும் கணக்குத்தான்

இன்னொரு காரணமும் கிடைத்தது. எண்ணெய் கலந்தது எப்படி என்று கேட்டேன்.

"கண்ணளவுதான் மச்சான். மோட்டோவுக்கு ஊத்துற டூ-டி எண்ணெய்தான்" என்றார்.

கையேடு சொன்ன கணக்கு ஐம்பதுக்கு ஒன்று. பத்து லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லிலிட்டர் எண்ணெய். மிகப் பழைய மோட்டார்களில் இருபத்தைந்துக்கு ஒன்றுகூட உண்டு. அதையும் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். கூடினால் பிளக் நனையும்; குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிளும் கொழுந்து மிஷினும் காற்றில் ஆறுபவை. படகு மோட்டார் தண்ணீரில் ஆறுவது. அதற்கென்று டிசி-டபிள்யூ3 என்று குறித்த எண்ணெய் தனியே இருக்கிறது. அது சாம்பல் விடாமல் எரியும். மற்ற எண்ணெயின் சாம்பல் பிளக்கின் சந்தில் வந்து உட்காரும். அதேபோல் படகு எண்ணெயைக் கொழுந்து மிஷினில் ஊற்றுவதும் சரியில்லை. அவரவர் வீட்டுச் சோறு அவரவருக்கு.

எரிபொருள் மாறினால் பிளக்கின் பாடும் மாறும். இதை நன்றாக அறிந்தவர்கள் தமிழ்நாட்டுக் கரையிலும் இலங்கையின் வடகரையிலும் உள்ள நம் மீனவர்கள். அங்கே மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு மோட்டார்கள் உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1990க்குப் பின் போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் அரிதானபோது, மக்கள் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெட்ரோல் விட்டு உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் வண்டி ஓடும். மண்ணெண்ணெய் சீக்கிரத்தில் ஆவியாகாது, கரியும் அதிகம். அப்படி ஓட்டுகிறவர்களுக்குப் பிளக்கைக் கழற்றித் துடைப்பது பல் துலக்குவதுபோல் அன்றாடக் கடமை.

நாங்கள் புதிதாக இரண்டு பி7எச்எஸ் வாங்கி, 0.6க்கு அளவு வைத்தோம். கடைக்காரர் கொடுத்த சூடான பிளக்கை அப்படியே பெட்டியில் போட்டுக் கட்டினோம். விடுமுறை முடியும் முன் நானும் அவர்களோடு மலையிறங்கினேன். கரையை ஒட்டியே படகை விட்டு, கால்மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டினோம். அந்த ஓட்டத்திலேயே சட்டென்று நிறுத்தி, ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றினோம். மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் பிளக் உண்மையைச் சொல்லாது. இரண்டு பிளக்கிலும் பீங்கான் மூக்கு இளம் பழுப்பு. நம் வீட்டுத் தேநீரில் பால் கலந்தால் வருமே, அந்த நிறம். தங்கை மகன் அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிளக்கின் முகத்தைப் படிக்க எல்லாரும் கற்றுக்கொள்ளலாம். இளம் பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது நெடுநேர மெதுவோட்டம், அல்லது பிளக் அளவுக்கு மீறிக் குளிர்ச்சி. ஈரக் கறுப்பு என்றால் எண்ணெய் அதிகம், அல்லது பொறி வரவில்லை. வெள்ளை வெளேரென்று வெந்து கொப்புளம் போட்டிருந்தால் அபாயம். பெட்ரோல் போதவில்லை, காற்று கசிகிறது, தண்ணீர் சுற்றவில்லை, அல்லது பிளக் அதிகச் சூடு. மூக்கில் பளபளவென்று பொடி ஒட்டியிருந்தால் பிஸ்டன் கரைய ஆரம்பித்துவிட்டது, உடனே நிறுத்துங்கள். துருவோ உப்போ தெரிந்தால் உள்ளே கடல்நீர் புகுகிறது.

இவற்றில் எந்த நோய்க்கும் பிளக்கின் எண்ணை மாற்றுவது முதல் மருந்து ஆகாது. அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்தினால் பசி தீராது. கறுத்த பிளக் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. அது என்னவென்று தேடிப் பார்த்துவிட்டு, இடைவெளி, எண்ணெய், கார்புரேட்டர், பெட்ரோல் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகும் தீரவில்லை என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

பொறி இருக்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோக உடம்பு எஞ்சினைத் தொடும்படி வைத்துத்தான் கயிற்றை இழுக்க வேண்டும். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். பொறியை அதற்குப் பக்கத்தில் காட்டாதீர்கள். வயரைக் கையில் பிடிக்கவும் வேண்டாம்.

படகு வைத்திருக்கும் அன்பர்கள், அளவு வைத்த புதுப் பிளக் இரண்டையும் ஸ்பானரையும் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, தண்ணீர் புகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டிப் படகிலேயே வையுங்கள். நங்கூரமும் நீண்ட கயிறும் இருக்கட்டும். மோட்டார் நின்றாலும் படகு இழுபடாமல் ஓரிடத்தில் நிற்கும். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை போடாமல் கரையை விட்டுக் கிளம்ப வேண்டாம்.

தோட்டத்துப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் மலையிறங்கிப் பல ஊர்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். படிப்பு முக்கியம், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதோடு, வீட்டிலோ வேலைக்காட்டிலோ ஒரு மிஷினைப் பிரிக்கும்போது பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பார்க்க வேண்டாம். கையேட்டைப் படிக்கச் சொல்லுங்கள். அளக்கச் சொல்லுங்கள். 0.6க்கும் 1.0க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, அளந்தால்தான் தெரியும் என்று ஒரு பிள்ளை பத்து வயதில் புரிந்துகொண்டால், அது பிற்காலத்தில் எந்த வேலைக்குப் போனாலும் உதவும்.

மாப்பிள்ளை வீட்டுப் பழைய பிளக் இரண்டையும் நான் கேட்டு வாங்கிவந்தேன். அவை இப்போது என் வகுப்பு அலமாரியில் இருக்கின்றன. தசமம் நடத்தும் நாளில் ஃபீலர் கேஜோடு அவற்றையும் எடுத்து மேசைமேல் வைக்கிறேன். பிள்ளைகள் முறைவைத்து அளந்து, விடையைப் பலகையில் எழுதுகிறார்கள்.